மிஞ்ஞாக் சாப்பி, லெமாக் சாப்பி

எங்கள் பஸ் அண்ணன் ஒருநாள் காலையில் வண்டியைக் கிளப்பிவிட்டு, சீட்டிலிருந்து பின்னால் திரும்பிச் சொன்னார்: "இன்னைக்கு பிரேக் கொஞ்சம் லேட்டா பிடிக்குதுலா. மெதுவாத்தான் போவேன். பயமா இருக்கறவங்க இப்பவே இறங்கிக்குங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

யாரும் இறங்கவில்லை. இறங்கினால் அன்றைக்கு வேலை போகும். மலேசியாவின் கெடா மாநிலத்தில், புக்கிட் செலம்பாவிலிருந்து சுங்கை பட்டாணியில் இருக்கும் எங்கள் தொழிற்சாலை வரைக்கும் அவரவர் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே போனோம். பக்கத்து இருக்கைக் கமலா அக்கா மாரியம்மனில் தொடங்கி வேளாங்கண்ணி மாதா வரைக்கும் யாரையும் விடவில்லை. வேறு டிரைவராக இருந்தால் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு ஓட்டியிருப்பார், நாங்களும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போயிருப்போம். மாலையில் பட்டறையில் விட்டுச் சரிசெய்துவிட்டார். அதையும் மறுநாள் எழுந்து நின்று அறிவித்தார்.

சிலருக்குத் தும்மலை அடக்க முடியாது. அவருக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. அதற்காகத் தன்னைப் பெரிய யோக்கியன் என்று நினைத்துக்கொண்டவரும் இல்லை. "பின்னால தெரிஞ்சா அசிங்கம். முன்னாலயே சொல்லிட்டா வெறும் விஷயம்" என்பார், அவ்வளவுதான். அவர் மனைவியோ, "இவரு வாய்க்குக் கதவும் இல்ல, நிலையும் இல்ல" என்பார்.

அவருடைய தங்கை மகளைப் பெண் பார்க்கக் கூலிம் ஊரிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். காப்பி குடித்து முடித்ததும் இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொண்ணு தங்கமான பொண்ணு. கோவம் வந்தா மட்டும் தட்டு பறக்கும். என் வீட்டுத் தட்டே ரெண்டு போயிருக்கு" என்றாராம். தங்கை அடுப்படியில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா சிரித்துவிட்டார். கல்யாணம் நடந்தது. சீர்வரிசையில் உடையாத மெலமைன் தட்டாக வாங்கி வைத்தது இவர்தான்.

சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்த வாய் நம் பக்கம் திரும்பும்போது சிரிப்பு வராது. என் கணவர் மோட்டாரில் போய் லாரியில் அடிபட்ட அன்று, எனக்குச் செய்தி கொண்டுவந்தவர் அவர்தான். தொழிற்சாலை வாசலில் பஸ்ஸை நிறுத்தி, என்னை வெளியே கூப்பிட்டார். எல்லாரும் இப்படிப்பட்ட நேரத்தில் 'லேசான அடிதான், வா' என்றுதானே அழைத்துப் போவார்கள்? அவர் சொன்னது இது:

"தங்கச்சி, காலு ரொம்ப மோசமா அடிபட்டிருக்கு. எலும்பு வெளிய தெரியுது. உயிருக்கு ஒண்ணும் இல்ல, நான் பார்த்துட்டுதான் வர்றேன். காலு தங்குமா தங்காதான்னு டாக்டரே இன்னும் சொல்லல. அழுறதுன்னா இங்கயே அழுதுட்டு ஏறு. அங்க நீ அழுதா அவன் பயந்துருவான்."

நான் அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் அவசரப்படுத்தவில்லை. அழுது முடித்ததும் அந்தப் பெரிய பஸ்ஸில் என்னை ஒருத்தியை மட்டும் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட்டினார். உள்ளே போனபோது என் கண் காய்ந்திருந்தது. அதற்கு நான் இன்றைக்கும் அவருக்குக் கடன்பட்டவள்.

ஆனால் மறுவாரமே, "இந்தத் தங்கச்சி லீவு முடிஞ்சு வந்திருக்கு. வீட்டுக்காரர் காலு வாடை அடிக்குதாம், ராத்திரியில தூங்கலையாம். யாரும் சத்தம் போடாதீங்க, தூங்கட்டும்" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. புண் வாடையை நான் அவர் மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என் சேலையிலேயே அந்த வாடை வருகிறதா என்று மோந்து பார்ப்பதுபோல எனக்குத் தோன்றியது.

அவர் பஸ் ஓட்டியது பிழைப்புக்கு. உயிரை விட்டது ஷார்ட்பிரெட் என்கிற பிஸ்கட்டில். மாவு, பட்டர், சர்க்கரை, கொஞ்சம் அரிசி மாவு, இவ்வளவுதான் சாமான். அவருடைய அப்பா மெர்போக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தொரை பங்களாவுக்குக் குக்கு. ஸ்காட்லாந்துக்காரத் தொரையம்மா சொல்லிக் கொடுத்த பக்குவம் அப்பா கைக்கு வந்து, அங்கிருந்து இவர் கைக்கு வந்தது. பஸ்ஸில் அதற்குத் தொரை பிஸ்கட் என்று பெயர். 'ஷார்ட்பிரெட்' என்று சொல்லச் சொல்லிப் பார்த்தார், 'சாட்டுபிரெட்' என்று வந்ததும் விட்டுவிட்டார்.

சனிக்கிழமைகளில் அவர் வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த அடுப்பில் வேலை நடக்கும். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கை, மாவில் மட்டும் பயந்து பயந்து நுழையும். "பிசையக் கூடாது தங்கச்சி. சேர்க்கணும், அவ்ளோதான். பிசைஞ்சா ரப்பரு" என்பார். முள்கரண்டியால் குத்திக் குத்திப் புள்ளி வைத்து, இளஞ்சூட்டில் நீண்ட நேரம் வைப்பார். நிறம் மாறக் கூடாது. கொஞ்சம் சிவந்துவிட்டாலும் பஸ்ஸில் விற்கும் டின்னில் போட மாட்டார். போட்டாலும், "இது கருகினது, இத வாங்காதீங்க, அத வாங்குங்க" என்று அவரே சொல்லிவிடுவார்.

அதில் முட்டை இல்லை. இதுதான் எங்களுக்கு முக்கியம். புரட்டாசியிலும் தைப்பூச விரதத்திலும் கடை பிஸ்கட்டை எடுத்தால் எதில் என்ன இருக்கிறதோ என்று பொடி எழுத்தைப் படித்துக்கொண்டு நிற்க வேண்டும். அண்ணன் பிஸ்கட்டுக்கு அந்தத் தலைவலி இல்லை. அவர் கத்தோலிக்கர், எல்லாம் சாப்பிடுகிறவர். ஆனால் விரதக்காரர்களுக்குச் செய்யும் நாளில் அடுப்பைச் சோடா மாவு போட்டுத் துடைத்து, தனித் தட்டு எடுத்து, அவரும் குளித்துவிட்டுத்தான் தொடுவார். அந்த பிஸ்கட்டைத் தைரியமாகச் சாப்பிடலாம் என்று பஸ்ஸில் எல்லாருக்கும் முதலில் சொன்னவள் நான்.

கைத்தொலைபேசியில் சாமான் வாங்கலாம் என்று கண்டுபிடித்த பிறகு மனிதர் நிலைகொள்ளவில்லை. ஒரு மர அச்சு வாங்கினார், ஸ்காட்லாந்துப் பூ செதுக்கியது. முள்ளும் பூவுமாக இருந்ததைப் பார்த்து, "கண்டங்கத்திரிப் பூவ எதுக்குலா பிஸ்கட்டுல போடுறாங்க" என்று வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சு பட்டர் ஒன்று வரவழைத்தார். கெடா வெயிலில் கூரியர் வேனில் கிடந்து, வந்து சேர்ந்தபோது அது சூப். வாங்கியவர்கள் கருத்து எழுதும் இடத்தில் அவர் எழுதியது: 'பட்டர் நல்லது. இந்த வெயிலில் ஆர்டர் செய்தது என் முட்டாள்தனம். கடைக்காரர் மேல் தப்பில்லை.' அதற்கு ஐந்து நட்சத்திரமும் கொடுத்தார்.

பட்டர் பாதி, நெய் பாதி என்று போடுவது அவர் அப்பாவின் வழி. பட்டணத்திலிருந்து பட்டர் வராத வாரங்களில் அப்பா நெய்யைக் கலந்து சமாளித்தாராம். தொரைக்குத் தெரியவில்லையா என்று ஒருநாள் கேட்டேன். "எங்கப்பா சொல்ல மாட்டாரு. நான்தான் தொரையம்மாகிட்ட போய்ச் சொல்லிட்டேன். அப்ப எனக்கு எட்டு வயசு இருக்கும். அன்னைக்கு எங்கப்பா போட்ட அடி இருக்கே" என்று முதுகைத் தடவிக்கொண்டு சிரித்தார். தொரையம்மா கோபப்படவில்லையாம். நெய் போட்டதே நன்றாக இருக்கிறது, இனிமேல் அப்படியே போடு என்றாளாம்.

என் கணவருக்குக் காலில் வெளியே கம்பி வைத்திருந்தார்கள். எலும்பு சேர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த முடிவு என்றார் டாக்டர். அடுத்த முடிவு என்னவென்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. என் கணவருக்குச் சர்க்கரை நோயும் இருந்தது. கால் தங்க வேண்டும் என்று நான் தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டு ஒரு மண்டல விரதம் தொடங்கினேன். என் மாமியாருக்கு என் விரதத்தின் மேல் என்னைவிட நம்பிக்கை. பெற்ற பிள்ளையின் கால் அல்லவா? "விரதக்காரி வெளிய வாங்கித் திங்கக் கூடாது. தண்ணிகூட வீட்டுலேருந்து கொண்டு போ" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நான் தண்ணீர் கொண்டுபோனேன், சோறு கொண்டுபோனேன். அண்ணன் பிஸ்கட்டை மட்டும் விட முடியவில்லை. நின்றுகொண்டே செய்யும் வேலை, ஒரு வேளைச் சாப்பாடு, பத்து மணிக்குக் கண் இருட்டும். டின்னை வீட்டுக்குக் கொண்டு போகாமல் தொழிற்சாலை லாக்கரில் வைத்துக்கொண்டேன். முட்டை இல்லை, மாமிசம் இல்லை, இதில் என்ன பாவம் என்று எனக்கு நானே வழக்காடி ஜெயித்தும்விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பிஸ்கட் திடீரென்று வேறாக வந்தது. வாயில் வைத்தால் பல்லுக்கு வேலையே இல்லை, மணல் மணலாக உதிர்ந்து கரைந்தது. பஸ்ஸே மயங்கிப்போனது. "அண்ணே, இத்தனை வருசத்துல இப்பதான்ணே சரியா வந்திருக்கு" என்று நான்தான் வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதோடு நில்லாமல் இன்னொரு டின்னும் கேட்டு வாங்கினேன்.

"புது நெய் தங்கச்சி. ஆன்லைன்ல ஸ்பெஷலா எடுத்தது. புல்லு மட்டும் தின்ன மாடாம். வெயிலுக்கும் உருகல பாத்துக்க, அவ்ளோ தரம்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மலாயில் நெய்க்கு மிஞ்ஞாக் சாப்பி என்று பெயர். சாப்பி என்றால் மாடு, மிஞ்ஞாக் என்றால் எண்ணெய். எங்கள் ஊர் நெய் டின்னில் மாட்டு எண்ணெய் என்றுதான் எழுதியிருக்கும், நாங்கள் அதை நெய் என்று வாசித்தே வளர்ந்தோம். அவர் வாங்கிய டப்பாவில் மிஞ்ஞாக்குக்குப் பதிலாக லெமாக் என்று இருந்தது. லெமாக் என்றால் எங்களுக்கெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. லெமாக் என்றால் பாலும் கொழுகொழுப்புமாக ருசியானது என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. அதனால் லெமாக் சாப்பி என்றால் கெட்டி நெய், உயர்ந்த நெய் என்று அவர் எடுத்துக்கொண்டார். டப்பாவின் மேலே பச்சைப் புல்வெளியில் ஒரு மாடு நின்றது. நெய் டின்னிலும் அதே மாதிரி மாடுதான் நிற்கும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் வாங்கியிருப்பேன்.

லெமாக் என்பதற்கு நேரான அர்த்தம் கொழுப்பு.

மறுபடி வாங்கப் போனபோதுதான் அது வெளியே வந்தது. வழக்கமான வாடிக்கையாளர் ஆகிவிட்டாரே என்று விற்கிற மலாய்ப் பையன் நன்றி சொல்லி, உருளைக்கிழங்கு பொரிக்க ஒரு பக்குவமும், இதிலேயே சோப்பு காய்ச்ச ஒரு பக்குவமும் அனுப்பியிருக்கிறான். நெய்யில் சோப்பா என்று இவர் கேட்டிருக்கிறார். 'இது மிஞ்ஞாக் சாப்பி இல்லை பாங், லெமாக். மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கும் கொழுப்பு, நம்பர் ஒன் சரக்கு' என்று மலாயில் அண்ணன் முறை போட்டுப் பதில் வந்திருக்கிறது.

மறுநாள் காலையில் பஸ் தொழிற்சாலைக்குப் போகும் வழியில் பெட்ரோல் எண்ணெய் நிலையத்தை ஒட்டி நின்றது. பிரேக்தான் என்று நினைத்தோம். அவர் எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டு பக்க இருக்கைகளுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"ஒரு விசயம் சொல்லணும். போன மாசத்துலேருந்து நான் குடுத்த பிஸ்கட்டுல இருந்தது நெய் இல்ல. மாட்டுக் கொழுப்பு. எனக்குத் தெரியாது, பேரைத் தப்பா படிச்சிட்டேன். நேத்துதான் தெரிஞ்சது. விரதக்காரங்க நெறைய பேரு சாப்பிட்டிருக்கீங்க. வீட்டுக்கும் கொண்டு போயிருக்கீங்க. தப்பு என்னோடது."

பின்னால் யாரோ ஓங்கரித்தார்கள். ஒருத்தி சிரித்தாள், அவள் சின்னப் பெண், என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தாள். கமலா அக்கா எழுந்து நின்றார்.

"நீங்க சாப்பிடறவங்க. உங்களுக்கென்ன. வாய துடைச்சிட்டுப் போயிருவீங்க."

"ஆமா அக்கா, நான் சாப்பிடுவேன். அதனாலதான் எனக்குப் பயமா இருக்கு. வேணும்னே கலந்துட்டான்னு நெனைப்பீங்க."

"நெனைக்கத்தான் செய்வோம்."

"நெனைங்க. ஆனா தெரிஞ்சுக்கிட்டு நெனைங்க. ஞாயித்துக்கெழமை ஒவ்வொரு வீடா வந்து நானே சொல்றேன். வீட்டுல பெரியவங்க சாப்பிட்டிருந்தா அவங்களுக்கும் தெரியணும்."

"ஐயோ, வீட்டுக்கெல்லாம் வராதீங்க" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் காதில் அது விழவில்லை. விழுந்தாலும் அவரால் வராமல் இருக்க முடியாது.

நான் ஜன்னலோரம் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கைப்பையில், முதல் நாள் லாக்கரிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்ட அந்த பிஸ்கட் ஏழெட்டு இருந்தது. என் வயிற்றைப் புரட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். புரட்டவில்லை. நாக்கில் எச்சில் ஊறியது. அதைவிடக் கேவலமாக நான் என்றுமே உணர்ந்ததில்லை. பால்குடம் நேர்ந்துகொண்ட வாய் இது, கால் தங்க வேண்டும் என்று தினமும் முருகனைக் கெஞ்சிய வாய் இது. வண்டியை மறுபடி எடுத்தபோது தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். உடனே கண்ணை எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு மோட்டாரில் கிளம்பிவிட்டார். எந்த வீட்டில் என்ன நடந்தது என்று எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க உடனுக்குடன் செய்தி வந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் அவர் நின்ற இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், அவர் இன்னும் அங்கே நிற்கும்போதே. ஒரு வீட்டில் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, "தெரியாம செஞ்சதுக்கு என்ன தம்பி" என்று பார்லித் தண்ணீர் கொடுத்தார்கள். கமலா அக்கா கதவையே திறக்கவில்லை. இவர் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று, மூடிய கதவிடம் முழுவதையும் சொல்லிவிட்டு வந்தாராம்.

எங்கள் வீட்டுக்கு மட்டும் வராமல் போகட்டும் என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறிய நேரத்தில் வந்து நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றி வாசல் நாற்காலியில் வைத்துவிட்டு, செருப்பை விட்டு உள்ளே வந்தார். கூடத்தில் என் கணவர் தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். கம்பி நுழைந்த இடங்களில் துணி கட்டியிருந்தது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் விஷயத்தைச் சொன்னார். எல்லா வீட்டிலும் சொல்லிச் சொல்லி அதற்குள் மனப்பாடம் ஆகியிருந்தது. மாமியார் விசிறியை நிறுத்தினார்.

"இதை ஏன் தம்பி எங்ககிட்ட சொல்றீங்க? இவ சாப்பிட்டாளா?"

அவர் என் கணவரின் காலைப் பார்த்தார். அந்தக் கம்பிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இல்ல அக்கா" என்றார். "இந்தத் தங்கச்சி சாப்பிடல. விரதம்னு சொன்னிச்சி. நான் குடுக்கல."

மாமியார் கையெடுத்துக் கும்பிட்டு, "முருகா" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம் எதுக்கு இந்த வெயில்ல எங்க வீட்டுக்கு வந்தீங்க?" என்று கேட்டார்.

பொய் சொல்லிப் பழகியவர்கள் அடுத்த கேள்விக்கும் ஒன்றைத் தயாராக வைத்திருப்பார்கள். அவர், "சும்மாதான்... தெரிஞ்சிருக்கட்டுமேன்னு..." என்று இழுத்தார். கழுத்தில் வேர்வை வடிந்தது. வெள்ளைச் சட்டையின் நுனியை இரண்டு விரலால் திருகிக்கொண்டிருந்தார். பஸ் முழுக்கப் பெண்களை நேருக்கு நேர் பார்த்து மாட்டுக் கொழுப்பு என்று சொன்ன மனிதர், என் மாமியாரின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். மாமியாரின் நம்பிக்கை கெட்டிருக்காது, என் கணவரும் நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் முருகனுக்குத் தெரியுமே என்று நினைத்தேன். அதைவிட, எனக்காக இந்த மனிதர் தன்னைக் கெடுத்துக்கொண்டு நிற்கிறாரே என்று தாங்கவில்லை. சரியானதைத்தான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டே முன்னால் வந்தேன்.

"நான் சாப்பிட்டேன் அத்தை. அண்ணன் எனக்காகப் பொய் சொல்றாரு. நல்லா இருக்குன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ரெண்டு டின்னு. லாக்கர்ல வச்சிச் சாப்பிட்டேன்."

மாமியார் விசிறியைக் கீழே வைத்தார். என் கணவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குக் கூசியது, ஆனால் அந்தக் கூச்சத்தோடு ஒரு லேசும் இருந்தது. சொல்லிவிட்டால் இப்படித்தான் இருக்கும்போல என்று அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவரைப்போல நானும் ஒன்று செய்துவிட்டேன், அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

அவர் முகம் சுருங்கிக் கறுத்துப்போயிருந்தது. அந்த முகத்தில் வெட்கத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. பிரேக் பிடிக்காத பஸ்ஸிலும் மூடிய கதவுக்கு முன்னாலும் வராதது இப்போது வந்திருந்தது. "வர்றேன்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு இறங்கினார். செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டை மறந்துவிட்டு, வெறுந்தலையோடு மோட்டாரைக் கிளப்பிப் போனார்.

அவர் போனதும் மாமியார், "தலைக்கு ஊத்திட்டு வா. மறுபடி மொதல்லேருந்து ஆரம்பி. பங்குனிக்கு எடு" என்றார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நான் பயந்த அளவில் கால்வாசிகூட நடக்கவில்லை.

மறுநாள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"உங்களுக்காகத்தான்ணே சொன்னேன். நீங்க போய் எனக்காகப் பொய் சொல்லலாமா" என்றேன்.

"தெரியும் தங்கச்சி. நீ செஞ்சது சரிதான்." துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். "ஊரு முழுக்க மாட்டுக் கொழுப்புன்னு சொன்னேன், எனக்கு வெக்கமா இல்ல. அது தெரியாம செஞ்சது. நேத்து தெரிஞ்சு செஞ்சேன். அவன் காலைப் பாத்ததும் வாயில வந்துருச்சி. இந்த வயசுல ஒரு பொய்யி சொன்னேன், அதுவும் நிக்கல."

ஹெல்மெட்டைத் துணி இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு வந்தேன். அவர் மனைவி வாசல் வரை வந்து, "நேத்துலேருந்து ஒண்ணும் பேச மாட்டேங்கிறாரு. எனக்குப் பயமா இருக்கு" என்றார். வாய்க்குக் கதவு இல்லை என்று சலித்துக்கொண்ட அதே மனுஷி.

பிறகும் கொஞ்ச காலம் அவர் பஸ்ஸில்தான் போய்வந்தேன். பஸ் சரியாக ஓடியது. காலையில் திரும்பி நின்று எதையும் அறிவிப்பதில்லை. பிஸ்கட் செய்வதை விட்டுவிட்டார். ஒவ்வொருவராக மனம் இறங்கி, கமலா அக்காவே கடைசியில், "அண்ணே, இனிமே பட்டர் மட்டும் போட்டுச் செய்ங்க, வாங்கிக்கிறோம்" என்றார். "பார்க்கலாம் அக்கா" என்றார். அது மழுப்பல் என்று எங்களுக்குத் தெரிந்தது. அவர் வாயிலிருந்து மழுப்பல் வந்ததைக் கேட்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு தொழிற்சாலை பஸ் குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டது. அவர் மனைவியோடு கரங்கானில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள்.

பங்குனி உத்திரத்தில் பால்குடம் எடுத்தேன். கால் தங்கிவிட்டது, கொஞ்சம் குட்டையாகத் தங்கியது. உண்மையைச் சொன்னதால்தான் முருகன் காலைக் கொடுத்தான் என்று மாமியார் போகிற இடமெல்லாம் சொல்கிறார். டாக்டர்தான் என்கிறார் என் கணவர். என்னைக் கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். மாட்டுக் கொழுப்பைத் தின்றதற்கு நான் பட்ட வெட்கம் பால்குடத்தோடு இறங்கிவிட்டது. ஒரு மனிதர் தன் வாழ்நாளிலேயே யாருக்கும் கொடுக்காத ஒன்றை எனக்குக் கொடுத்தார். நான் அதை எல்லார் முன்னாலும் அவர் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்தேன். இன்று அதே இடத்தில் நின்றாலும் அதையேதான் சொல்வேன், வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் நினைக்கும்போதெல்லாம் முகம் சுடுகிறது.

போன கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் சுங்கை பட்டாணியில் ஒரு பேரங்காடியில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்து, பட்டர் அடுக்கியிருந்த குளிர்பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தார். என் கணவர் தள்ளுவண்டியைப் பிடித்தபடி விந்தி விந்தி முன்னால் போய்க்கொண்டிருந்தார். அண்ணன் முதலில் கண்டது அந்த நடையைத்தான். முகம் அப்படியே மலர்ந்தது, கூப்பிட வாயையும் திறந்துவிட்டார். அப்புறம் பின்னால் வந்த என்னைக் கண்டார். வாயை மூடிக்கொண்டு, கையில் கிடைத்த பொட்டலத்தை எடுத்து அதன் எழுத்துகளை மும்முரமாகப் படிக்கத் தொடங்கினார்.

"அண்ணே" என்று கூப்பிட எனக்கும் நாக்கு எழவில்லை. அவர் பொட்டலத்தை வைத்துவிட்டு, எங்களைப் பார்க்கவே இல்லை என்பதுபோல மாவு அடுக்கிய பக்கமாக நடந்தார். பார்க்காததுபோல் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவர் திரும்பித் திரும்பி என் கணவரின் காலைப் பார்த்துக்கொண்டே போனார்.